மச்சமில்லாத சின்னாச்சி

தில்லைநாயகிக்குச் சரித்திர நாவல் என்றால் உயிர். ஆனால் அதில் கதாநாயகி வந்து நின்றால் குமட்டும்.

பின்னே என்ன? பதினாறு வயது, பால் நிறம், உடைந்து விழுகிற இடை. வாள் சுழற்றுவாளாம், பல்லியைக் கண்டால் மட்டும் கதாநாயகன் மார்பில் மயங்கி விழுவாளாம். அரண்மனையில் கொலை விழும். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, கண்டுபிடிக்கிறது அவன். ஆண்வேடம் போட்டு ஆறு மாதம் பாசறையில் கிடப்பாள், ஒருவனுக்கும் தெரியாது. படையா அது, கண் ஆஸ்பத்திரியா? இவ்வளவு திட்டியும், பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல் வீட்டில் கட்டிலுக்குக் கீழே நாலு சூட்கேஸ் நிறைய அந்த நாவல்கள்தான். ஒன்று விடாமல் வாசித்தாள். வாசித்து வாசித்து வயிறெரிந்தாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாக அறை துப்புரவாக்குகிறாள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. காதல் காதல் என்று எழுதுகிறவர்களை ஒரு கிழமை தன்னோடு விரிப்பு மாற்ற விட வேண்டும் என்று சொல்வாள். தலையணையில் ஒட்டின மயிர், கட்டிலுக்கடியில் பாதி தின்ற பீட்சா, குளியலறையில் எழுதவே கூசுகிற சங்கதிகள். தூ! ஆனால் அந்தக் குப்பைதான் அவளுக்குக் கண் திறந்தது. அறைக்குள் கால் வைத்ததும் வந்தவர்கள் புருசன் பெண்சாதியா, அழுதுகொண்டு போனது ஆர் என்று சொல்லிவிடுவாள். விரிப்பில் கிடப்பது இரத்தமா, வைனா, பீட்ரூட்டா என்பதைக் கிட்டப் போகாமலே சொல்வாள். ஒருநாள் ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் சின்னாச்சி பிறந்தாள்.

சின்னாச்சி ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்துக்காரி. முப்பத்தைந்து வயது, கரி நிறம், முன் பல்லில் நீக்கல். கட்டாடியார் வீட்டுப் பெட்டை, அதாவது ஊராரின் உடுப்பை வெளுக்கிற குடும்பம். கோட்டைப் பண்டகசாலைக் கணக்கன் கிணற்றுக்குள் பிணமாகக் கிடக்கிறான். துரைமாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சின்னாச்சியின் பொட்டலத்தில் ஒரு சட்டை வருகிறது, அதில் ஒரு கறை. எல்லோரும் சாயவேரின் சிவப்புச் சாயம் என்கிறார்கள். அவள் மட்டும் இரத்தம் என்கிறாள். துணியின் ஓரத்தில் சேங்கொட்டையால் போட்ட குறியைப் பார்த்து அது எந்த வீட்டுச் சட்டை என்றும் கண்டுபிடிக்கிறாள். வெளுக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு போடுகிற அந்தக் குறியை அவளைத் தவிர வேறு ஆர் வாசிப்பது? வினை என்னவென்றால், அந்தச் சட்டை அவள் மனம் வைத்த கோட்டை மொழிபெயர்ப்பாளனின் தமையனுடையது. மொழிபெயர்ப்பாளன் பெரிய குடும்பத்துப் பிள்ளை. வாயை மூடு என்று கெஞ்சுகிறான். அவள் மூடவில்லை. தமையன் தூக்கில் தொங்குகிறான். ஒரு வருடம் கழித்து அந்த மொழிபெயர்ப்பாளன் தன் அழுக்கு உடுப்பைத் தானே தலையில் சுமந்துகொண்டு, ஊர் பார்க்க, அவள் துவைக்கிற குளத்துக்கு வருகிறான். "தோய்க்கத் தெரியுமோ?" என்று கேட்கிறாள் சின்னாச்சி. தெரியாது என்கிறான். "அப்ப பழகும்" என்று துவைகல்லைக் காட்டுகிறாள். முடிந்தது.

அந்தக் கடைசி அதிகாரத்தை எட்டுத் தரம் திருத்தி எழுதினாள். காலை ரயிலில், மடியில் பள்ளிக்கொப்பி வைத்து, பக்கத்தில் இருந்தவன் அவள் தோளில் தூங்கி விழ விழ எழுதினாள். நாலு வருடம் பிடித்தது.

எழுதி முடித்ததை, பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் இராஜதுரையிடம் கொண்டுபோனாள். சேலைக்கடைக்கும் போன்கடைக்கும் நடுவில் அவருடைய அச்சகம். கல்யாண அட்டை, பெட்டை பெரியவளானால் சாமத்திய வீட்டு அட்டை, முப்பத்தோராம் நாளுக்குச் செத்தவரின் படமும் தேவாரமும் போட்டு அடிக்கிற நினைவு மலர், இடைக்கிடை புத்தகம். மேசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, "நல்ல விசயம், பிள்ளை" என்றார். அப்போதுதான் தில்லைநாயகி அந்த முட்டாள்தனத்தைச் செய்தாள்.

"அண்ணை, நீங்களே பாத்துச் செய்யுங்கோ."

மரியாதைக்குச் சொன்னது. வெள்ளைக்காரனிடம் கொடுத்திருந்தால் ஒப்பந்தம் எங்கே, அச்சுக்கு முதல் எனக்கொரு படி எங்கே என்று கேட்டிருப்பாள். அண்ணையிடம் போய் அதைக் கேட்க முடியுமா? கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். நம்முடைய சனம் வீடு வாங்கினதும் இப்படித்தான், பெண் கொடுத்ததும் இப்படித்தான், பிறகு கிடந்து மண்டையில் அடித்ததும் இப்படித்தான். இராஜதுரை பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் செய்தார்.

வியாழக்கிழமை எட்டுப் பெட்டிகளில் முந்நூறு புத்தகம் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. முதலில் அட்டையைப் பார்த்தாள். மா மாதிரி வெளுத்த ஒரு பெட்டை, கழுத்து நிறைய நகை, கையில் வாள். உள்ளே புரட்டினாள். மூன்றாம் அதிகாரத்தில், சின்னாச்சியின் இடது தோளில் சங்கு வடிவில் ஒரு மச்சம்! அவள் எழுதாத மச்சம். சின்னாச்சி சட்டைக் குறியை வாசிக்கிற இடத்தில், "அரச இரத்தத்துக்கே உரிய கூர்மை அவள் விழிகளில் மின்னியது" என்று ஒரு வரி. சீ! கடைசி அதிகாரத்துக்கு ஓடினாள். குளமும் இல்லை, அழுக்குப் பொட்டலமும் இல்லை. ஒரு கிழட்டு மந்திரி எங்கிருந்தோ வந்து மச்சத்தைக் கண்டு "தேவி!" என்று காலில் விழுகிறான். குழந்தையாக இருந்தபோது பகைவருக்குப் பயந்து வெளுக்கிற வீட்டில் ஒளித்துவைத்த ராசகுமாரியாம். மொழிபெயர்ப்பாளன் முழங்காலில் நின்று சொல்கிறான்: "அதனால்தான் என் உள்ளம் உன்னை நாடியது!"

தில்லைநாயகி எழுந்துபோய்க் குளியலறையில் சத்தி எடுத்தாள். கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே எடுத்தாள். பதினான்கு அறையின் ஊத்தையும் செய்யாத வேலையை அந்த ஒரு வசனம் செய்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றாமலே அச்சகத்துக்குப் போனாள்.

"அண்ணை, உந்த மச்சம் ஆர் வைச்சது?"

"ஆ, அதோ! வடிவா வந்திருக்கெல்லே?" இராஜதுரையின் முகம் மலர்ந்தது. "ரெண்டு கிழமை இருந்து எழுதினனான், பிள்ளை."

"சின்னாச்சி கட்டாடியார் வீட்டுப் பெட்டை, அண்ணை. ராசகுமாரி இல்லை."

"அதுதானே பிரச்சினை." குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு ஒருவரும் இல்லை, என்றாலும் தாழ்த்தினார். "அவன் நல்ல குடும்பத்துப் பெடியன் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். அவன் போய் அவளைக் கட்டினால் எங்கட சனம் புத்தகத்தைக் கையாலையும் தொடாது. இப்ப பாரும், ஒருத்தருக்கும் நோகாது."

"எனக்கு நோகுதே."

"எழுதினனீர், நோகும்தான். நான் சாதி பாக்கிறேல்லை, பிள்ளை. சனம் பாக்குது."

இந்தச் சனம் ஆர் என்று தில்லைநாயகி பாரிசுக்கு வந்த நாள்முதல் தேடுகிறாள். நான்தான் அந்தச் சனம் என்று ஒருவனும் ஒப்புக்கொண்டதில்லை. எல்லோரும் நல்லவர்கள், பார்க்கிறது வேறு ஆரோ! பால்தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்த இராஜதுரையின் வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது. வெளியே வந்தாள்.

வீட்டில் புருசன் பொன்னம்பலம் இன்னும் ஒரு படி மேல். "விட்டுத்தள்ளும். மண்டபம் பிடிச்சாச்சு, லண்டனில இருந்து அக்காவையள் வருகினம். இப்ப போய் என்னத்தைக் கிளறப்போறீர்?"

கிளறவில்லை. விழாவை நிறுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. அதை அவள் ஒளிக்கவுமில்லை. ஆனால் சனிக்கிழமை காலை, பொன்னம்பலம் வேலைக்குப் போன பிறகு, பிளேடு எடுத்து நிலத்தில் குந்தினாள். முந்நூறு புத்தகத்திலும் கடைசி அதிகாரத்தை வெட்டி எடுத்தாள். மந்திரியும் தேவியும் முழங்காலும் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டப்பட்டுக் கீழே போயின. மூன்றாம் அதிகாரத்து மச்சத்தை வெட்ட வழியில்லை, அதே தாளின் பின்பக்கத்தில் அவளுடைய கதை இருந்தது. பிறகு போன்கடையில் தன் உண்மையான கடைசி அதிகாரத்தை அறுபது படி எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கொலைக்கதை வாசிக்கிறவன் முடிவு இல்லாவிட்டால் விடுவானா? சண்டைக்கு வருவான். வருகிறவனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அந்த அறுபதும் காணாது என்றுகூடக் கவலைப்பட்டாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை, பாரிசின் புறநகரான சென் தெனியில் மண்டபம். விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, பிறகு ஆறு பேர் பேச்சு. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுந்து, "இறுதி அதிகாரத்தை வாசிக்கையில் என் கண்கள் பனித்தன" என்றார். அவர் கையிலிருந்த புத்தகத்தில் இறுதி அதிகாரம் இல்லை. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் காசு வைத்த கடித உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, படத்துக்குச் சிரித்து, அதைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பொரித்த ரோல்ஸ் இருந்த மேசைக்குப் போனார்கள். ஒருவர் புத்தகத்தின்மேல் ரோல்ஸ் தட்டை வைத்துச் சாப்பிட்டார். இராஜதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கடைசியில் ஏற்புரை. எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறதாகத்தான் மேடைக்குப் போனாள். முன்வரிசையில் லண்டனிலிருந்து வந்த மச்சாள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகி ஒலிவாங்கியைப் பிடித்தாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். இராஜதுரை அண்ணைக்கும் நன்றி என்றாள். இறங்கி வந்து உட்கார்ந்தபோது அந்த மண்டபத்திலேயே அவளுக்கு ஆகப் பெரிய அருவருப்பு அவள்மேல்தான் வந்தது.

ஒரு கிழமை போனது. இரண்டு போனது. ஒருவரும் கேட்கவில்லை. ரயிலில் கண்டவர்கள், கோயிலில் கண்டவர்கள் எல்லாம் "புத்தகம் அந்தமாதிரி!" என்று புகழ்ந்தார்கள். ஒரு பத்திரிகையில் "எதிர்பாராத முடிவு" என்று விமர்சனம்கூட வந்தது. எதிர்பாராததுதான், இல்லாத முடிவை ஆர் எதிர்பார்ப்பது? நாலாம் கிழமை இராஜதுரை போன் எடுத்தார்.

"எல்லாரும் முடிவைத்தான் புகழ்கினம், பிள்ளை. நான் சொன்னனெல்லே?"

"அண்ணை, வந்த புத்தகத்தை நீங்கள் திறந்து பாத்தனீங்களோ?"

"என்ன விசர்க்கதை! அச்சடிச்சதே நான்தானே!"

போனை வைத்துவிட்டுத் தில்லைநாயகி சிரித்தாள். பிறகு அழுகை வந்தது. சின்னாச்சியை ராசகுமாரி ஆக்கினால் என்ன, நாய்க்குட்டி ஆக்கினால் என்ன, இந்தக் கூட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். நாலு வருடம் எழுதினது ஒரு படத்துக்கும் ஒரு தட்டு ரோல்சுக்குமா? கைப்பையில் கிடந்த அறுபது படியையும் அடுத்த நாள் ஹோட்டல் குப்பையில் போடுகிறது என்று முடிவெடுத்தாள்.

அந்த அடுத்த நாள், படிகள் இன்னும் கைப்பையில் கிடக்க, பாகற்காய் வாங்க லா சப்பல் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தாள். காசு வாங்கும் மேசையில் நிரோஜினி இருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது, ஐந்து வருடமாக அங்கே நிற்கிறாள். மிச்சத்தை எண்ணித் தருவாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அவளுடைய சாதியைப்பற்றி முதலாளியின் மனைவி ஒருமுறை "உவையள் எங்கட ஆக்கள் இல்லை" என்று காதுக்குள் சொன்னது தில்லைநாயகிக்குத் தெரியும். அப்போது தானும் தலையாட்டினதும் தெரியும்.

இன்று நிரோஜினி நிமிர்ந்தாள்.

"அன்ரி, உங்கட புத்தகம் வாசிச்சனான். முதலாளி வாங்கி மேசைக்குக் கீழை போட்டு வைச்சிருந்தவர்." மேசைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஓரம் எல்லாம் மடிந்து, மஞ்சள் தூள் பட்டிருந்தது. "கடைசிப் பக்கங்கள் இல்லை."

தில்லைநாயகி பாகற்காய்ப் பையை மேசையில் வைத்தாள். "ஓம் பிள்ளை. இல்லை."

"ரெண்டு கிழமையாக் கேப்பமோ விடுவமோ எண்டு யோசிச்சனான்." நிரோஜினி பாகற்காயைத் தராசில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். "மூண்டாம் அதிகாரத்தில ஒரு மச்சம் வருது. அதைக் கண்டதும் எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, அன்ரி."

"ஏன் பயம்?"

"உப்பிடி மச்சம் வந்தால் கடைசியில ராசகுமாரி ஆக்கிப்போடுவினம்." அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சின்னாச்சியை எங்களிட்டை இருந்து எடுத்துப்போட்டினமோ?"

பின்னால் நின்றவர் கெதியாப் பாருங்கோ என்று சத்தம் போட்டார். தில்லைநாயகி திரும்பிப் பார்க்காமல், கைப்பையிலிருந்து கடைசி அதிகாரத்தின் படி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எடுக்க விடேல்லை, பிள்ளை" என்றாள். "அவள் உங்கட ஆள்தான்."