புள்ளலூர் தப்பாம்!

நான் உத்திரமேரூரில் கணினி ஆசிரியர். வரலாறும் புவியியலும் கற்றுத்தரும் துப்பறியும் விளையாட்டு ஒன்றை வகுப்பில் போட்டேன். "மைசூர்ப் படையிடம் ஆங்கிலேயரின் கும்பெனிப் படை தோற்ற ஊரில் திருடன் இருக்கிறான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடி" என்றது. ஒரு மாணவி உடனே புள்ளலூர் என்று அடித்தாள். 'தவறு' என்று திரை சிவந்தது.

"ஸ்பெல்லிங் தப்பும்மா. பொள்ளிலூர்னு அடி" என்றேன். வெள்ளைக்காரன் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறான்.

"நான் பொறந்த ஊரு சார் அது. பஸ் போர்டுல புள்ளலூர்னுதான் கீது. எங்க ஊரு பேரு எங்களுக்குத் தெரியாதா?"

மணியடிக்கப் போகிறதே என்று நானே அழித்துவிட்டுப் பொள்ளிலூர் அடித்தேன். திருடன் பிடிபட்டான். அவளைத் தவிர வகுப்பே கைதட்டியது.

இன்றும் வயிறு எரிகிறது. தோற்றுப்போனவன் வாயில் நுழையாமல் உளறிய பெயர் சரியாம். அங்கே பிறந்தவள் சொன்னது தப்பாம்! விளையாட்டைச் செய்தவனை எவ்வளவோ திட்டிவிட்டேன். ஆனால் அவள் ஊரை அழித்தது என் விரல்.