பிக்கார்ட் இல்லாத கிடார்

கிடார்களுக்கு வண்ணம் பூசும் அவருக்குப் பட்டறையில் கடுகு என்று பெயர். தொட்டதற்கெல்லாம் வெடிப்பார். வண்ண அட்டையைச் சரியாகப் பார்க்காமல் "ஏதோ ஒண்ணு அடிங்க" என்பவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அதே மனிதர்தான், கிடார் வாசித்துவந்து பக்கவாதத்தில் வலது கை விளங்காமல் போன தன் அண்ணனின் கிடாருக்கு வண்ணம் பூசியபோது எந்த நிறம் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மரத்தின் ரேகை தெரியும்படி கருஞ்சிவப்புப் பூச்சு. முகம் பார்க்கலாம், அப்படியொரு பளபளப்பு. மீட்டும்போது மரத்தில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்ட் தகட்டை மட்டும் அவர் பொருத்தவில்லை.

அண்ணன் கிடாரை மடியில் வைத்து, இடது கையால் கம்பிகளுக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

"பிக்கார்ட் எங்கடா?"

"ரேகை நல்லா இருந்துச்சுண்ணே. மறைக்க மனசு வரல."

அண்ணன் தடவிக்கொண்டே இருந்தார். "இனிமே கீறல் விழாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

கடுகு உள்ளே போய்த் தகடுகளை அள்ளிவந்து அண்ணன் முன்னால் பரப்பினார். கறுப்பு, வெள்ளை, ஆமை ஓட்டு நிறம்.

"எதுண்ணே போடட்டும்?"

அண்ணன் நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இருக்கறதுலயே கெட்டியானதைப் போடு."