அண்ணியின் இடுப்பில் என் பெல்ட்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

1. எங்கள் தொழிற்சாலைக்காகப் பெண்கள் அணியும் அகலமான தோல் பெல்ட் ஒன்றை வடிவமைத்தேன்.
2. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் முன்னால் அதை நானே கட்டிக்கொண்டு நிற்க ஆசைப்பட்டேன்.
3. அதற்காக வயிற்றைக் குறைக்க ஆரம்பித்தேன்.
4. வயிறு வாராவாரம் குறைந்தது.
5. அவர்கள் முன்னால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றவர் என் அண்ணி.

நான்காவது வரியில் ஒரு பிழை இருக்கிறது. அதற்கு வருமுன் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணிக்கு என்னைவிட ஒரு வயதுதான் அதிகம். என்னைப் போலவே தோல் தொழில்நுட்பம் படித்தவர். நான் வேலை பார்க்கும் இடத்திலேயே தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். ஒரே கம்பெனி பஸ், ஒரே குழம்பு, ஒரே மாதிரி டிபன் பாக்ஸ். வித்தியாசம் வயிற்றில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை அண்ணி கத்தரிக்காயோடு பிசைந்து நிதானமாகச் சாப்பிடுவார். பிறகு இன்னொரு தட்டு போட்டுக்கொள்வார். தூங்கி எழுந்து டீயில் பிஸ்கட் தோய்ப்பார். அதற்கப்புறம் எழுந்து நின்றால் காலையில் வைத்த புடவை மடிப்பு வைத்தபடியே இருக்கும். எனக்கு அரைத் தட்டு சாப்பிட்டாலே சுரிதார் நாடாவைத் தளர்த்த வேண்டும். அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “எவ்ளோ துன்னாலும் என் மருமவளுக்கு ஒடம்புல ஒட்டாது. நீ மோந்து பாத்தாலே போதும்டி, ஜாஸ்தியாயிடும்.”

அண்ணி கர்வக்காரியாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவரோ பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார். அம்மா என்னைக் கிண்டல் செய்தால், “சும்மா இரு அத்த, அவ நல்லாத்தான் இருக்கா” என்பார். அந்தத் தட்டையான வயிற்றுக்குச் சொந்தக்காரர் என் பக்கம் பேசுவது அம்மாவின் கிண்டலைவிட அதிகமாக எரிந்தது. இதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது.

என் பெல்ட்டின் மாதிரி தயாராகிக்கொண்டிருந்தபோது மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மாடல் கீடல்னு வெளியேருந்து யாரையும் கூட்டிட்டு வர வேணாம். நம்ம பொண்ணுங்கள்லயே ஒருத்தர் கட்டிக்கிட்டு நின்னு வெளக்கட்டும். டிசைன் பண்ணவங்களே நின்னா இன்னும் நல்லது. பெல்ட்டு பொருந்தணும், அவ்ளோதான்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் சிக்கல். மாதிரிப் பெல்ட் ஒரே அளவில்தான் தைக்கப்படும். ஐந்து துளைகளில் நடுத்துளையில் பக்கிள் முள் உட்கார வேண்டும். கூடுதலாக ஒரு துளை போட்டால் அது மாதிரிப் பெல்ட் இல்லை, கழிவு. என் இடுப்போ கடைசித் துளையையும் தாண்டியிருந்தது. அதுவரை நான் வரைந்த எல்லாமே மேல்மாடிக் கூட்ட அறைக்குப் போகும், நான் போக மாட்டேன். வாங்க வந்தவர்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது பிறகு மெயிலில் வரும். ஒருமுறையாவது அந்த அறையில் நின்று, ‘இது நான் செய்தது’ என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

விடியற்காலையில் பாலாற்று மணலில் வேகநடை. வந்ததும் பாயில் மல்லாந்து கால்களைத் தூக்கி இறக்கும் பயிற்சி. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் வெள்ளரிக்காய், இரவில் கொள்ளு ரசம். ஞாயிறன்று பிரியாணி வாசனைக்கு நடுவில் வெறும் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். அளப்பதற்கு டேப்பை நான் நம்பவில்லை. மூச்சை இழுத்தால் ஓர் அளவு, விட்டால் ஓர் அளவு. கட்டிங் பிரிவில் ஒதுக்கிப் போட்டிருந்த துண்டுகளில் நீளமான ஒன்றை எடுத்து, பக்கிள் வைத்து, நெருக்கமாகத் துளைகள் போட்டு எனக்கென்று ஓர் அளவுப் பெல்ட் செய்துகொண்டேன். நடக்கும்போது அதை இறுக்கிக் கட்டிக்கொள்வேன். எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே, “இன்னாடி, போலீஸ்ல சேந்துட்டியா?” என்பார். வியர்வையில் ஊறிய பெல்ட்டை ஆணியில் மாட்டிக் காயவிடுவேன். மறுவாரம் அடுத்த துளைக்குப் போய்விடுவேன்.

துளைக்குத் துளை நான் வேறு ஆளானேன். ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கூழ் குடித்தேன். அண்ணியின் இரண்டாவது தட்டைப் பார்க்கும்போதுகூட, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தோன்றும். ஒருநாள் அண்ணி ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளைகளைக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னா அண்ணி?”

“ஒண்ணுமில்ல பாப்பா” என்று திரும்ப மாட்டிவிட்டார். அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு இன்னும் வேகமாக நடந்தேன்.

வாங்குகிறவர்கள் வந்த நாளில் மாதிரி அறையில் புதுக் குர்த்தாவின் மேல் பெல்ட்டைச் சுற்றினேன். முள் நடுத்துளைக்கு வரவில்லை. கடைசித் துளைக்கும் வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். தைக்கும் பெண்கள் இருவர் ஆளுக்கொரு முனையாக இழுத்தார்கள். முள்ளுக்கும் துளைக்கும் நடுவே என் வயிறு இருந்தது, நடக்க ஆரம்பித்த நாளில் இருந்தபடியே.

மேனேஜர் கதவருகே வந்து, “அவங்க வந்துட்டாங்கம்மா. உங்க அண்ணி எங்க?” என்றார்.

அண்ணி வந்தார், கட்டினார். நடுத்துளை. இழுக்கவே இல்லை.

“சார், இவதான் பேசணும். நான் பொம்ம மாதிரி நிக்கறேன்” என்றார் அண்ணி.

“ரெண்டு பேர் வேணாம்மா. நீங்களும் படிச்சவங்கதானே, சொல்லிடுங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஓரத் தையலை ஏன் இரட்டையாக வைத்தேன் என்பதை அண்ணி விரலால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டில் அந்த அளவுப் பெல்ட்டைக் கையில் எடுத்ததும் எனக்கே புரிந்துவிட்டது. வட்டமாகப் போட்ட துளைகள் எல்லாம் நீள்வட்டமாகியிருந்தன. வார் அகலத்தில் ஒடுங்கி, நீளத்தில் வளர்ந்திருந்தது. மாட்டின் முதுகுத் தோல் இறுக்கமானது, பெல்ட்டுக்கு அதைத்தான் வெட்டுவோம். வயிற்றுப் பக்கத் தோல் தளர்ந்தது, ஈரத்தோடு இழுத்தால் நீண்டுகொண்டே போகும். நான் எடுத்தது அந்தத் தோல்; அதனால்தான் அது ஒதுக்கின துண்டுகளில் கிடந்தது. முதல் வருடப் பாடம். என் இடுப்பு அப்படியே இருக்க, பெல்ட் மட்டும் வாராவாரம் நீண்டிருக்கிறது. அதை நம்பித்தான் நான் ஒவ்வொரு துளையாக உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கே பாத்தீங்க இல்ல? ஏன் சொல்லல?”

அண்ணி பெல்ட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். “அன்னிக்குத்தான் மொத தடவையா நீ பாட்டு பாடிக்கிட்டே சாப்ட. அத எப்டி கெடுக்கறது?”

“இன்னிக்கு எல்லார் எதிர்லயும் கெட்டுச்சே.”

“ஆமா. தப்புதான்” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அவர் சொல்லாமல் விட்டதில் துளி விஷம் இருந்திருக்குமா என்று பல நாள் தேடினேன். இருந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிடைக்கவில்லை. அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். எனக்கு வயிறு குறைவது பொறுக்காமல் சொல்கிறார் என்றுதான் அம்மாவிடம் போய் நின்றிருப்பேன்.

ஆர்டர் கிடைத்தது. அண்ணன் கான்பூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனதால் அண்ணியும் போய்விட்டார். ஞாயிறுகளில் வீடியோ அழைப்பில் அம்மா அண்ணியிடம் முதலில் கேட்பது, “ஒழுங்கா சாப்பிடறியா?” அவர் சாப்பிடுகிறார், தட்டோடுதான் திரையில் தெரிகிறார். தொழிற்சாலை வரவேற்பறையில், அண்ணி அந்தப் பெல்ட்டோடு நின்ற படத்தை மாட்டியிருக்கிறார்கள்; அதில் கழுத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அது யார் இடுப்பு என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. நான் தினமும் அதைக் கடந்துதான் வருகைக் கார்டு தேய்க்கிறேன்.

நான் இன்னும் ஆற்றுக்கு நடக்கப் போகிறேன். மூச்சை விட்டுவிட்டு, துணி டேப்பில் அளக்கிறேன். இடுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, கடைசித் துளைக்குப் போதாது. மாதிரியை இனி இரண்டு அளவுகளில் தைக்கலாம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பொங்கலுக்கு அண்ணி வருகிறார். பொறாமை அப்படியே இருக்கிறது.