பேச்சி கேட்ட நாலு மாத்திரை

தொண்ணூறுகளில் எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு, தினமும் விழுங்க மதுரை டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். திருச்சுழிச் சந்தைக்கு நடந்தே போய்வருமளவு தேறிவிட்டேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பேச்சி கைக்குழந்தையோடு வந்தாள்.

"மதினி, எனக்கும் மார்ல கட்டி. அந்த மாத்திரையில நாலு குடுங்க."

கறிவேப்பிலை கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, மறுநாள் நான் பரிசோதனைக்குக் கிளம்பியபோது, "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முழுங்குறேன்" என்று அவளும் பஸ் ஏறினாள்.

டாக்டர் பதறிவிட்டார். "உங்க கட்டியில ஒரு புரதம் இருந்துச்சு. அதுதான் கட்டிய வளரத் தூண்டுது. அந்தப் புரதத்தை அடக்கத்தான் இந்த மாத்திரை. இவுக கட்டி என்னன்னே தெரியாம கொடுப்பீகளா?"

சோதித்தால், பேச்சிக்கு வெறும் பால்கட்டு! அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அன்றிலிருந்து யார் மாத்திரை கேட்டாலும், "கெளம்பு, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்கிறேன். என்னைக் கண்டாலே டாக்டர், "இன்னைக்கு யாரும்மா?" என்கிறார்.