இருநூற்று எழுபது

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்கை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதில் ஐம்பத்திரண்டு கிலோ. அதனால் கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தபோது அவன் பயப்படவில்லை. பயந்தது அவனோடு ஜோடியாக வேலை பார்க்கும் பீப்பாய்தான்.

முடிவு வந்தது. பீப்பாய்க்கு எல்லாம் சரி.

"எனக்குக் கொழுப்பு அதிகம்னு பொண்டாட்டி தினம் சொல்லுவா. இனிமே இந்தத் தாளக் காட்டியே அவ வாய அடைக்கிறேன்" என்று சிரித்தவன், ஊசியின் தாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். மொத்தக் கொழுப்பு முந்நூற்று நாற்பது. அதில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மட்டும் இருநூற்று எழுபது. நூற்று முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

"தாள் மாறிப் போயிருக்கும்டா."

மாறவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தும் அதே கதைதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் தாளை விட்டுவிட்டு அவன் குடும்பத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

"அப்பா எந்த வயசுல போனாரு?"

"நாப்பத்தஞ்சு. மாரடைப்பு."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரே அண்ணன். நாப்பத்தொண்ணுல போயிட்டான். ஆனா அது நோய் இல்ல டாக்டர். பாரம் தூக்கினதால."

நாலு வருடத்துக்கு முன் ஊசி வீடு மாறியபோது நடந்தது அது. கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அண்ணனும் தம்பியும் இரும்பு பீரோவை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் படியேறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணன், "கொஞ்சம் இறக்குடா" என்றான். அதுதான் அவன் கடைசிப் பேச்சு. "உன் பீரோதான் அவர முழுங்கிடுச்சு" என்ற அண்ணி, அன்றைக்குப் பிறகு ஊசியின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் சொன்னதை ஊசியும் நம்பினான்.

டாக்டரம்மா அவன் குதிகாலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே தசைநார் கயிறு மாதிரி தடித்திருந்தது.

"இது சாப்பாட்டால வந்ததில்ல, பிறவியிலேயே வர்றது. ரத்தத்துல இருக்கிற கெட்ட கொழுப்ப உங்க கல்லீரலால சரியா எடுக்க முடியல. ஒல்லியா இருந்தாலும் இது விடாது. அண்ணனுக்கும் இருந்திருக்கலாம். அடைப்பு ஒரே நாள்ல வர்றதில்ல, பல வருஷமா படிஞ்சு வர்றது. அவருக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு."

"அவருக்கு இருந்திருந்தா அவளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடனே பாக்கச் சொல்லுங்க. உங்க பையனுக்கும் பாத்துடுங்க."

பையனுக்கு எல்டிஎல் தொண்ணூற்றைந்துதான் இருந்தது. ஊசியின் மனைவி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"அண்ணி வீட்டுக்கு எப்போங்க போறீங்க?"

"போனா மூஞ்சில கதவச் சாத்துவாங்க."

"சாத்தட்டும். சொல்லிட்டு வாங்க."

மறுநாள் போனான். கதவு அரைச் சாண் திறந்தது. சங்கிலியை அண்ணி எடுக்கவில்லை. அவன் தாளை நீட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"பழியக் கழுவத் தாளோட வந்தியா?"

"பழி என் மேலேயே இருக்கட்டும் அண்ணி. பொண்ணுக்கு ஒரு தடவ ரத்தம் மட்டும் பாத்துடுங்க."

"அவ நல்லா ஓடியாடிட்டு இருக்கா."

"அண்ணனும் அப்படித்தான் இருந்தான்."

கதவு சாத்தப்பட்டது. தாள் அவன் கையிலேயே இருந்தது. அதைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தான்.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போடும்போதும் அவன் காது செல்போனிலேயே இருந்தது. ஒருமுறை ஸ்பேனரை நழுவ விட்டான். அது ஆறு மாடி விழுந்து கீழே தெறித்த சத்தத்தில் பீப்பாய் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

ஒன்பதாம் நாள் வேலையிடத்துக்கே வந்துவிட்டாள் அண்ணி. துணிப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். பிரித்துத்தான் இருந்தது.

"இதுல எந்த நம்பரப் பாக்கணும்?"

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, எல்டிஎல் என்ற வரியில் நிறுத்தினான். இருநூற்று முப்பத்தெட்டு.

அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

"அவளும் போயிடுவாளா?"

"போக மாட்டா அண்ணி. அப்பாவும் அண்ணனும் ரத்தமே பாத்துக்கல. அவளுக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு. நானும் மாத்திரை சாப்பிடறேன். ரெண்டு மாசத்துல மறுபடி பாப்பாங்க. குறையலன்னா இன்னொரு மாத்திரை சேத்துத் தருவாங்க."

"எத்தன நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு வருவாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"அவளக் கூட்டிட்டு வரேன். நீயும் வா. எனக்குக் கேக்கத் தெரியாது."