சொல்லாமல் விட்ட பாதி

கடைத்தெருவுக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற சந்தில், தீயணைக்கும் சிலிண்டர்களுக்கு மருந்து நிரப்பும் பட்டறை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமா கொட்டகை என்று ஊரெல்லாம் சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே வரும். பழைய பவுடரைக் கொட்டி, வால்வைத் துடைத்து, புதுப் பவுடர் போட்டு, அழுத்தம் ஏற்றி, தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். மீட்டரில் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஒருவருடைய வேலை. அவரை எல்லோரும் ‘முள்ளு’ என்றே கூப்பிட்டார்கள். பெயர் மீட்டரால் வந்ததுதான். அவருடைய நாக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள்.

முள்ளுவுக்கு வாழ்க்கையில் பெரிய குறை ஒன்றும் இல்லை, சகலை ஒருவனைத் தவிர. மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதே முள்ளுதான். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது மறுக்க முடியவில்லை. வந்தவன் வாய் நிறையச் சிரித்தான், லாரி டிரைவர் முதல் முதலாளி வரை எல்லோரிடமும் குடும்பத்தை விசாரித்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்சார்ஜ் ஆகிக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தான். வீட்டில் ‘மாப்ள’ என்று கூப்பிட்டவனை முள்ளு பட்டறையில் ‘சார்’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

“என்னண்ணே, என்னைப் போய் சார்ங்கறீங்க” என்பான் சகலை. அப்படிச் சொல்வது இன்னும் எரிந்தது. பெருந்தன்மைகூட அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்றிருக்கும்.

மாமியார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி சின்ன மாப்பிள்ளைக்கு. “அவருக்கு இன்னும் கொஞ்சம் வை, வேலை வேலைன்னு இளைச்சுப் போயிட்டாரு” என்பார் மாமியார். அதே பட்டறையில் சிலிண்டரைத் தூக்கித் தூக்கி முதுகு போன முள்ளு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது. திரும்பும் வழியில் மனைவியும் ஆரம்பிப்பாள்.

“அவர மாதிரி நாலு வார்த்த சிரிச்சுப் பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?”

“எனக்கு நடிக்க வராது.”

“சிரிக்கறதுக்குப் பேரு நடிப்பா?”

முள்ளு நடையை எட்டிப் போடுவார். சகலையின் தலைமுடி இன்னும் கருப்பாக இருப்பதைப் பற்றிக்கூட அவருக்கு மனத்தாங்கல் இருந்தது.

ஒருநாள் பவுடர் மூட்டைகள் வந்து சேரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் சிலிண்டர்கள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து முள்ளு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். முதலாளியும் சகலையும் உள்ளே வந்தார்கள். அவர் இருப்பதை இருவரும் கவனிக்கவில்லை.

“பழசு நல்லாத்தான் இருக்கும். தொடச்சு, குலுக்கி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடு” என்றார் முதலாளி.

“உள்ள கட்டி பிடிச்சிருந்தா பவுடர் வெளியவே வராது சார்.”

“மீட்டர் பச்சையில நிக்குதுல்ல? யாரு தொறந்து பாக்கப் போறா?”

“சார், அது...”

“முடியாதுன்னா சொல்லிடு. அந்த சீட்டுல உக்கார ஆளா கெடைக்காது?”

சகலை வாயைத் திறக்கவில்லை. முதலாளி போனபிறகு ஸ்டிக்கர் கட்டை எடுத்துவரச் சொன்னான்.

முள்ளு ஒரு சிலிண்டரைத் தலைகீழாகத் திருப்பிக் காதருகே வைத்துப் பார்த்தார். பவுடர் சரியும் சத்தமே இல்லை. கல்லாக இறுகியிருந்தது. அதை மாட்டப்போகும் சுவர் கண்முன் வந்தது. அந்தத் தாழ்வாரத்தில் ஓடும் பிள்ளைகளும் வந்தார்கள். கூடவே, சகலை மாட்டிக்கொண்டான் என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எது முந்தி வந்தது என்று பின்னாளில் எவ்வளவு யோசித்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“பேரு வெளிய வராதுல்ல, மேடம்? வேலை போயிடும்.”

“வராது. யாரு பொறுப்புல இது நடக்குது?”

“இன்சார்ஜ் பொறுப்புலதான். ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றது அவர்தான்.”

“மொதலாளிக்குத் தெரியுமா?”

முள்ளு ஜன்னலைப் பார்த்தார். “அது எனக்குத் தெரியாது மேடம்.”

“உங்களுக்கும் இன்சார்ஜுக்கும் ஏதாவது மனஸ்தாபம் உண்டா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. அந்த உண்மையோடு இரண்டு பொய்யைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நெஞ்சு லேசானது போலத்தான் இருந்தது.

சோதனைக்கு வந்தவர்கள் பட்டறை வாசலில் ஒரு தகரத் தட்டில் டீசலை ஊற்றிப் பற்றவைத்தார்கள். அதிகாரியம்மா ஒரு பள்ளிக்கூடத்துச் சிலிண்டரை எடுத்துக் கைப்பிடியை அமுக்கினார். அது இருமுவதுபோல ஒரு சிட்டிகை தூசியைத் துப்பிவிட்டு நின்றது. நெருப்பு தன் பாட்டுக்கு எரிந்தது. அடுத்ததும் அப்படியே.

“எல்லாம் இன்சார்ஜ் பாத்துக்கறதுங்க. நான் கணக்கு வழக்குக்கு வந்துட்டுப் போறவன்” என்றார் முதலாளி. சகலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சிலிண்டர்களுக்குப் புதுப் பவுடர் போட வைத்துவிட்டு அதிகாரியம்மா போனார். விசாரணை நடக்கும் என்றார்.

சில நாளில் முதலாளி முள்ளுவைக் கூப்பிட்டுக் கண்ணாடி அறையில் உட்காரச் சொன்னார். இவ்வளவு காலமாக ஏங்கிய நாற்காலி. உட்கார்ந்தபோது சகலையின் சீப்பு மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

மாமியார் வீட்டில் இந்தத் தடவையாவது நமக்கு மரியாதை கிடைக்கும் என்று நம்பிப் போனார். ஆனால் வீடு முழுக்க சின்ன மாப்பிள்ளையைச் சுற்றியே இருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். முள்ளுவின் மனைவிகூடத் தண்ணீரை முதலில் அவனிடம்தான் நீட்டினாள். பதவி போனவனுக்கு இவ்வளவு பாசமா என்று முள்ளுவுக்கு ஆறவில்லை. ஜெயித்தாலும் அவன், தோற்றாலும் அவன்.

“மொதலாளி சொல்லித்தாண்ணே செஞ்சேன்” என்றான் சகலை. “சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. விசாரணையில சாட்சி இருக்கான்னு கேக்கறாங்க.”

“அப்பவே முடியாதுன்னு சொல்லிருக்கணும்” என்றார் முள்ளு.

“ஆமாண்ணே. சொல்லிருக்கணும்.”

அதிகாரியம்மாவும் போன் செய்தார். முதலாளி உத்தரவு போட்டதை நீங்கள் கேட்டீர்களா என்று விசாரித்தார். கேட்கவில்லை என்று முள்ளு மறுபடியும் சொன்னார்.

அடுத்த மாதம் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவிலிருந்து சிலிண்டர்கள் வந்தன. முதலாளி கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

“அவசரமாம். தொடச்சு அனுப்பிடு.”

“இப்பத்தான சார் சோதனை நடந்துச்சு?”

“வந்தவங்க வந்துட்டுப் போயாச்சு. இனிமே அடுத்த வருஷம்தான்.”

“சார், அது...”

சொன்னதும் முள்ளு நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தையும் அவர் குரல் மாதிரியே இல்லை. சிலிண்டர்களுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது கேட்ட குரல் அது. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டுக் கோழை என்று நினைத்து மனசுக்குள் சிரித்தவர் அவர்தான்.

முதலாளி போனபிறகு எழுந்து, சிலிண்டர்களை யாரும் தொட வேண்டாம் என்று கொட்டகையில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போனார்.

“மேடம், அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன்.”

அதிகாரியம்மா நாற்காலியை இழுத்துப்போட்டார். “இப்ப ஏன் மீதி?”

“இன்சார்ஜ் என் சகலை. அவன் மேல எனக்குப் பொறாமை. மொதலாளி மெரட்டினத நான் காதால கேட்டேன்.”

“இத விசாரணையில எல்லார் முன்னாடியும் சொல்லணும். பேர மறைக்க முடியாது.”

“தெரியும் மேடம்.”

ஆஸ்பத்திரிச் சிலிண்டர்கள் அன்றைக்கே பிடிபட்டன. விசாரணை அறையில் முதலாளிக்கு எதிரில் நின்று முள்ளு எல்லாவற்றையும் சொன்னார். பொறாமையையும் சேர்த்துத்தான் சொன்னார். முதலாளியின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு அவரை உலுக்கி எடுத்தார். பொறாமைக்காரன் பேச்சை எப்படி நம்புவது என்றார். அதிகாரியம்மா இறுகிய பவுடர்க் கட்டி ஒன்றைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். செங்கல் வைத்ததுபோல் சத்தம் கேட்டது.

பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. முதலாளி மேல் வழக்குப் போட்டார்கள். சகலையைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். வாசலில் வேலையிழந்து நின்ற, சிலிண்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆள் முள்ளுவின் சட்டையைப் பிடித்தான். “உங்க குடும்பச் சண்டைக்கு எங்க சோத்துல மண்ணா?” முள்ளு கையைத் தட்டிவிடவில்லை. என்ன பதில் சொன்னாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியப் போவதில்லை.

சகலை விசாரணை அறையிலேயே இருந்தான். எல்லாம் கேட்டான். வெளியே வந்து, “மொத தடவையும் நீங்கதானா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். மாமியார் வீட்டில் முள்ளுவை யாரும் வா என்று சொல்லவில்லை. மனைவி வெகுநாள் தேவைக்கு மட்டும் பேசினாள்.

முள்ளு தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடையில் கூலிக்குப் போனார். சகலைக்கு வேறொரு தீயணைப்புக் கம்பெனியில் மறுபடி இன்சார்ஜ் வேலை கிடைத்தது என்று காதில் விழுந்த அன்று, பிள்ளைகளைக் காப்பாற்றியவருக்கு மோட்டார் கிரீஸும், ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னவனுக்கு நாற்காலியுமா என்று பொருமினார். அன்று முழுக்க ஒரு மோட்டாரையும் ஒழுங்காகப் பூட்ட முடியவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் சகலை அந்தக் கடைவாசலில் வந்து நின்றான்.

“எங்க கம்பெனியில டெஸ்ட் பண்ண ஆள் வேணும். வர்றீங்களா?”

முள்ளு கையைத் துடைத்துக்கொண்டார். “உனக்குக் கீழயா?”

“எனக்குக் கீழதான்.”

“பாவம் பாத்து கூப்பிடறியா?”

“இல்ல. உங்கள நான் மன்னிக்கவும் இல்ல. நான் திரும்ப வாய மூடிட்டு நின்னா வெளிய போய் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்கு உங்கள விட்டா ஆள் கெடையாது. ஆனா முழுசா சொல்லணும்.”

முள்ளு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, “போவீங்களா?” என்று கேட்டாள். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி மாதங்கள் ஆகியிருந்தன.

“போகத்தான் வேணும். அவன் சும்மாவே எல்லாரையும் நம்பிடுவான்.”

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார். புது முதலாளி சகலையின் தோளில் கைபோட்டு நடந்து வருவதைப் பார்த்ததும் அடிவயிற்றில் பழைய எரிச்சல் எழும்பியது. அவர் அதை எழும்ப விட்டார். வரிசையில் முதல் சிலிண்டரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் காதருகே வைத்தார். பவுடர் சரியும் சத்தம் கேட்கவில்லை. பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, “சார், இது சரியில்ல” என்றார்.

சகலை முதலாளியின் கையை விலக்கிவிட்டுச் சிலிண்டரைப் பார்க்க வந்தான்.