கால் வெட்டிய வீடு

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. நான் எழுதுவதைப் படிக்கிறவன் பாவம். எழுதுகிற நேரத்தில் நாலு பேரைச் சீண்டிவிட்டு வந்தால் பலனாவது உடனே தெரியும். ஆனால் ஊரிலிருந்து கப்பலேறத் துடிக்கிற பயல்கள் எல்லாரும் ஒரே கேள்வியைச் சொல்லி அனுப்புகிறார்கள்: பினாங்கில் வீடு கிடைக்குமா? கிடைக்கும் ஐயா. சில நாள் காலையில் அது தெருவில் எதிரே வரும். ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்.

விளையாட்டில்லை. நான் வந்த புதிதில் ஜெலுத்தோங் பக்கம் செங்கல் வண்டியோடு போகும்போது எதிரே ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. தோளில் மூங்கில்கள், மூங்கில்மேல் ஏதோ பெரிதாக ஆடி ஆடி வந்தது. பெரிய மனுஷன் யாரோ செத்துவிட்டான், பாடை கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்து, முகத்தைத் தொங்கப்போட்டு நின்றேன். கிட்டே வந்ததும் பார்த்தால் கதவு, ஜன்னல், கூரை எல்லாம் இருக்கிற முழு வீடு! முன்னால் வந்த மலாய்க்கார மனுஷரிடம், "யாரு செத்தது?" என்று கைஜாடையில் கேட்டேன். அவர் என் துக்கத்தைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார் போல. சிரித்துக்கொண்டே ஒரு மூங்கில் நுனியை என் தோளில் வைத்து, இளநீர் வாங்கித் தருவதாகச் சொன்னார். அவர்தான் பாக் மாட். அப்படித்தான் பழக்கமானோம்.

இங்கே வழக்கம் இது. மண் தவுக்கே என்கிற சீன முதலாளியுடையது, மாதம் மாதம் மண்ணுக்கு வாடகை. மேலே நிற்கிற பலகை வீடு குடியிருப்பவனுடையது. வீட்டுக்கால்களை மண்ணில் நட மாட்டார்கள். தட்டைக் கல்லை வைத்து அதன்மேல் நிறுத்துவார்கள். தவுக்கே கிளம்பச் சொன்னால் அக்கம்பக்கத்து ஆண்கள் கூடி வீட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மண்ணுக்குப் போய்விடுவார்கள். நம் ஊரில் ஓட்டாண்டிகூட வீடு கட்டினால் முதலில் வானம் தோண்டிக் கடைக்கால் போடுவான். தோண்டாமல் வைத்தது நமக்கு வீடே இல்லை, கோழிக்கூண்டு.

நான் முதலில் தங்கியது சூலியா தெருவில், ஒரு கடை மாடியில். ஒரு அறையைப் பலகையால் தடுத்துத் தடுத்துப் பொந்துகளாக்கி, ஒரு பொந்துக்கு நாலு பேர். ஒருவன் புரள வேண்டுமென்றால் நாலு பேரும் சம்மதித்துப் புரள வேண்டும். ரப்பர் விலை ஏற ஏற உலகமே பினாங்குக்கு வந்தது. செங்கல், சுண்ணாம்பு, மரம் எல்லாம் ஏறின. மண் வாடகை ஏறியது, பொந்து வாடகையும் ஏறியது. ஒருநாள் பாய்க்கு மேலே படுப்பவனுக்கு ஒரு விலை, வாசல் ஓரம் படுப்பவனுக்கு ஒரு விலை என்று சொன்னார்கள். "நின்னுக்கிட்டே தூங்கினா எவ்வளவு?" என்று கேட்டேன். அறைந்து வெளியே தள்ளினார்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் செபஸ்தியான் அண்ணன். காரைக்கால் பக்கத்து வேதக்காரர், கொத்தனார். நான் செங்கல் சுமந்தேன், அவர் வைத்தார். ஊரெல்லாம் செங்கல் வீடு எழுப்பிய மனுஷன், தனக்குச் செங்கல் வாங்க வழியில்லாமல் ஜெலுத்தோங்கில் வாடகை மண்ணில் பலகை வீடு போட்டார். ஊரிலிருந்து ஆரோக்கியம் அக்கா வந்து இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று வெறி. செங்கால் என்று இங்கே உளுக்காத மரம் ஒன்று, அதில் கால்கள் வாங்கினார். கை நுழைகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, நட்டு, உடைசல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கினார். பாக் மாட் ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜாங்ஙான் தானாம், பாஸ்தியான்! நடாதே!" அண்ணன் சிரித்தார். "நடாம காத்துலயா கட்டித் தொங்கவிடுவாங்க? சூறாவளி வந்தாலும் இது அசையாதுலா." உண்மைதான். அசையவே இல்லை. அதுதான் வினை.

அக்கா வந்து, வீடு வீடாக இருந்தது இரண்டு மழைக்காலம். பிறகு தவுக்கே மண்ணை விற்றுவிட்டான். வாங்கியவன் வரிசையாகச் செங்கல் கடைவீடு எழுப்பப் போகிறானாம். கிளம்பச் சொல்லி ஏஜெண்டு வந்தான். கல்மேல் நிற்கிற வீடுகளை எடுத்துக்கொண்டு போகலாம். மண்ணில் நட்டிருப்பது மண்ணோடு சேர்ந்தது, ஒரு பலகையைத் தொடக்கூடாது என்றான். மரம் விற்கிற விலைக்கு அந்தச் செங்கால் கட்டைகளைப் பார்த்து அவனுக்கு எச்சில் ஊறியது எங்களுக்கே தெரிந்தது. பாக் மாட் வீடும் மற்றவர்கள் வீடும் ஒவ்வொன்றாக எழுந்து ஆற்றோரச் சேற்றுநிலத்துக்கு நடந்து போயின. நடுவில் எங்கள் வீடு மட்டும், முடி வெட்டும்போது விட்டுப்போன குடுமி மாதிரி நின்றது.

அண்ணன் அசையவில்லை. "கட்டினது நானு. எங்கையால நட்டது. எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்."

கேட்க வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே வந்தார்கள், கையில் கடப்பாரையோடு. சீனச் சம்செங், அடியாள், இருப்பான் என்று எதிர்பார்த்தால், தலைமை நம்ம ஆள். மாரி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், கழுத்து எருமைக்கழுத்து. அக்கா உலை வைத்திருந்தாள்.

"எக்கா, அடுப்ப அணைச்சிட்டு வெளிய வந்துருங்க. பொம்பளைய தொடச் சொல்லல."

"எங்க வரச் சொல்ற? ஒன் வூட்டுக்கா?"

நான் சும்மா இருப்பேனா? "மாரியண்ணே, கடப்பாரைய தூக்கிட்டு வந்துட்டீங்க, சரி. காலையில பல்லு வெளக்கினீங்களா? காத்து இங்கிட்டு அடிக்குது."

கடப்பாரையின் பின்புறம் என் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு போன இடம் தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் கொத்துச் சுத்தியலோடு பாய்ந்துவிட்டார். ஒருவனுடைய தோள்பட்டை சத்தத்தோடு இறங்கியது. இன்னொருவன் படிக்கட்டோடு சேர்ந்து கீழே போனான். மாரி சமையல் பக்கம் ஏற, அக்கா கொதிக்கிற கஞ்சியை அப்படியே அவன் நெஞ்சில் கவிழ்த்தாள். அவன் போட்ட அலறலில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அந்த வெறியில் திரும்பி வீசினான். கதவு நிலையைப் பிடித்திருந்த அண்ணனுடைய வலது கைமேல் விழுந்தது. விரல்கள் நிலைக்கும் இரும்புக்கும் நடுவில். நான் நிறையச் சத்தம் கேட்டிருக்கிறேன். பச்சைச் செங்கல் உடைகிற மாதிரி கேட்ட அந்தச் சத்தத்தை மட்டும் கேலி செய்ய இன்னும் வரவில்லை.

அதற்குள் பாக் மாட்டும் ஆற்றோரத்து ஆட்களும் பாராங் கத்தியோடு ஓடிவந்துவிட்டார்கள். மாரி கூட்டம் பின்வாங்கியது, இன்னும் ஆள் கூட்டிவர. பாக் மாட் நேரே வீட்டுக்கு அடியில் புகுந்து ஒரு காலைத் தட்டிப் பார்த்து, ரம்பம் கேட்டார். மண்மட்டத்துக்கு மேலே அறுத்துவிட்டுத் தூக்கலாம் என்றார். அண்ணன் நொறுங்கிய கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவரைக் காலால் எத்தினார்.

"என் வூட்டு கால அறுப்பியா? என் கால அறுடா மொதல்ல!"

"ஏங்க, எனக்கு எங்கயாச்சும் அடுப்பு பத்தவைக்கணும்," என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. "காலு இல்லாட்டி என்னா, கூரை இருக்குல்ல?"

அண்ணன் எத்திய காலை இறக்கினார். பிறகு இடது கையால் கோடரியை எடுத்து, முதல் வெட்டை அவரே வெட்டினார். குறி தவறித் தவறி வெட்டினார். மற்றக் கால்களை அவர்கள் அறுத்தார்கள். ரத்தம் யாருடையது, மரத்தூள் எதனுடையது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. மூங்கில்களைக் கொடுத்துக் கட்டினோம். "சத்து, துவா, தீகா... அங்காட்!" என்று பாக் மாட் எண்ணித் தூக்கச் சொன்னார். வீடு முனகியது. ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தாழ்ந்து, உள்ளே சட்டிபானை எல்லாம் உருண்டு, எழுந்துவிட்டது.

அப்போதுதான் மாரி திரும்பி வந்தான்.

வீட்டைத் தூக்கிக்கொண்டிருப்பவனை அடிப்பது சுலபம். இரண்டு கையும் மூங்கிலில். ஒருவன் விட்டால் பாரம் பக்கத்தில் இருப்பவன் கழுத்தை முறிக்கும். அதனால் யாரும் விடவில்லை. செங்கல் உடைசல் மழையாக விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த மலாய்ப் பையனுக்கு மண்டை உடைந்து, ரத்தம் கண்ணில் இறங்க, துடைக்கக் கையில்லாமல் தலையை ஆட்டி ஆட்டி உதறினான். பாதி என் முகத்தில் விழுந்தது. மாரி என் பக்கத்திலேயே நடந்து வந்தான். ஒரு தப்படிக்கு ஒரு அடி, என் முதுகில், தடியால், செண்டைமேளக்காரன் மாதிரி.

"மாரியண்ணே," என்றேன், பல் இல்லாத வாயால். "கொஞ்சம் எடது பக்கம். அங்கதான் அரிக்குது."

இடது பக்கமும் அடித்தான். சொன்னால் கேட்கிற மனுஷன்தான். அக்கா முன்னால் நடந்தாள், அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். அண்ணன் இடது தோளைக் கொடுத்திருந்தார். அந்த மண்ணின் எல்லைக்கல் வந்தது. கடைசி மூங்கிலும் கல்லைத் தாண்டியதும் அடி நின்றுவிட்டது. நான் நம்பாமல் திரும்பிப் பார்த்தேன். மாரி கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, வெந்துபோன நெஞ்சை ஊதிக்கொண்டிருந்தான்.

"என்னாண்ணே, அலுத்துப் போச்சா?"

"எனக்குக் கூலி இந்தக் கல்லு வரைக்கும்தான்," என்றான். "இதுக்கு மேல அடிச்சா என் சொந்தச் செலவு. போங்கடா."

வீட்டை ஆற்றோரத்தில், கல்மேல், வைத்தோம். கால்கள் குட்டையாகிவிட்டதால் வீடு குந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பெருந்தண்ணீர் வந்தால் அடுப்படி வரை வரும். அண்ணனுடைய விரல்கள் கூடியது கோணலாகத்தான், கரணை பிடிக்க வரவில்லை. கொத்து வேலை போயிற்று.

அப்புறம் ஒரு மத்தியானம், தூறலில், பாயும் தகரப் பெட்டியுமாக ஒருவன் வந்து நின்றான். மாரி. வீடு தப்பிப் போனதால் ஏஜெண்டு கூலி கொடுக்கவில்லை. கூலி இல்லாததால் பொந்தில் இருந்து தூக்கி எறிந்துவிட்டார்கள். ஊர் முழுக்கத் தேடிவிட்டானாம், எட்டுகிற வாடகையில் ஒரு பாய் அளவு இடமில்லையாம்.

ஆரோக்கியம் அக்கா இறங்கிப் போய் அவனை அறைந்தாள். இன்னொரு கன்னத்திலும் அறைந்தாள். அவன் எருமைக்கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அண்ணன் கோணல் விரல்களால் அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்த்தார். வீட்டில் அரிசி இல்லை.

"உள்ள எடமில்ல," என்றார். "கீழ இருக்கு. வாடகைய மொதல்லயே குடுத்துரணும்."

மாரி இப்போது எங்கள் வீட்டுக்கு அடியில், உட்கார்ந்தால் தலை இடிக்கிற உயரத்தில், ஆட்டுக்குட்டி மாதிரி படுத்திருக்கிறான். மறுபடி துறைமுகத்தில் மூட்டை தூக்கி அவன் கொடுக்கிற வாடகையில்தான் உலை கொதிக்கிறது. நான் மேலே இருந்து பலகை இடுக்கு வழியாக அவ்வப்போது தண்ணீர் ஊற்றுகிறேன். "யார்ரா அது?" என்பான். "கூரை ஒழுகுதுண்ணே," என்பேன்.

எனக்கு இப்போது பழைய மண்ணிலேயே வேலை, செங்கல் சுமக்க. அறுபட்ட கட்டைகளைப் பிடுங்க ஆள் விட்டுப் பார்த்தார்கள், மாட்டைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அண்ணன் இறுக்கிய சுண்ணாம்பு விடவில்லை. கடைசியில் அப்படியே விட்டு மேலே சுவரை எழுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டின் கால்கள் யாரோ ஒருவனுடைய சுவருக்கு அடியில் நிற்கின்றன. உடம்பு ஆற்றோரத்தில் கல்மேல் இருக்கிறது, காற்றடித்தால் நடுங்குகிறது. பகலெல்லாம் அந்தக் கால்களுக்கு மேலே செங்கல் கொண்டுபோய்க் கொட்டுகிறேன், பொழுது சாய்ந்ததும் உடம்புக்குள் போய்ப் படுக்கிறேன். எதை வீடு என்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில் என் கூடப்பிறந்த அண்ணன் நான் அனுப்புகிற காசில் எனக்கும் சேர்த்து ஒரு வீடு கட்டுகிறார் என்று கேள்வி. மேற்பார்வை என் கூட்டாளி தங்கராசு. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வானம் தோண்டாதே, கல்மேல் வை, எனக்கு எந்தப் பக்கம் போவேன் என்றே தெரியாது என்று அவனுக்கு அவசரமாக எழுதிப்போட்டேன். அடுத்த கப்பலில் பதில் வந்தது:

"கடைக்கால் போட்டாச்சு, தூக்கணும்னா நீயே வந்து தூக்குடா."